மண்டையோட்டைத் திறக்காமல் மூளையின் ரத்த நாளங்களைப் பார்ப்பது எப்படி?

ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்வோம். உயர்நிலை மூன்றில் படிக்கிறான். சனிக்கிழமை காலை, இணைப்பாட நடவடிக்கைக்காகப் பள்ளித் திடலில் காற்பந்து ஆடிக்கொண்டிருக்கிறான். திடீரென்று அவனுடைய வலது கை தானாகத் துடிக்கத் தொடங்குகிறது. சில விநாடிகளில் கீழே விழுகிறான். உடல் முழுவதும் வெட்டி இழுக்கிறது.

சுற்றி நின்றவர்களில் ஒருவர் தம் சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணிக்கப் பார்க்கிறார். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. பயிற்றுவிப்பாளர் அவரைத் தடுக்கிறார். பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே ஒரு சட்டையை மடித்து வைத்து, 995ஐ அழைக்கிறார். இரண்டு நிமிடங்களில் இழுப்பு தானாக அடங்குகிறது.

பையனுக்கு இதற்கு முன் வலிப்பு வந்ததில்லை. காய்ச்சல் இல்லை. தலையில் அடிபடவும் இல்லை. மருத்துவமனையில் உடனே எடுத்த சி.டி. ஸ்கேனில், மூளையின் இடப்பக்கத்தில் சிறிய இடம் ஒன்று மட்டும் சற்று வெளுத்துத் தெரிகிறது. வலக்கையை இயக்குவது மூளையின் இடப்பக்கம் என்பதால், அந்தப் புள்ளியின்மீது மருத்துவருக்குச் சந்தேகம் எழுகிறது. அது கட்டியா? கிருமித் தொற்றா? அல்லது தவறாக உருவான ரத்த நாளமா?

"மண்டையைத் திறந்துதான் பார்க்கணுமா, டாக்டர்?" என்று கேட்கிறார் தாயார்.

வேண்டியதில்லை. ஊசிகூடப் போடாமல் விடையை நெருங்க முடியும். எப்படி என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

குழாய்கள் தவறும் நான்கு விதங்கள்

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடை கொண்டது. உடல் எடையில் அது சுமார் 2 விழுக்காடுதான். ஆனால், உடல் ஓய்வாக இருக்கும்போது பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை மூளையே எடுத்துக்கொள்கிறது. மூளையால் ஆக்சிஜனைச் சேமித்துவைக்க முடியாது. ரத்த ஓட்டம் சில நிமிடங்கள் நின்றாலே மூளைச் செல்கள் மடியத் தொடங்கும்.

கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என நான்கு தமனிகள் மூளைக்கு ரத்தத்தைக் கொண்டுசெல்கின்றன. அவை மூளையின் அடிப்பகுதியில் ஒரு வளையமாக இணைகின்றன. 1664இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இந்த வளையத்தைத் தம் நூலில் தெளிவாக விளக்கினார். அந்த நூலுக்குப் படங்கள் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டஃபர் ரென். பிற்காலத்தில் லண்டனின் செயிண்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்தவரும் அவரே. ஒரு விரைவுச்சாலை அடைபட்டால் வாகனங்கள் வேறு சாலை வழியே திருப்பிவிடப்படுவதுபோல், ஒரு தமனி அடைபட்டால் மற்றொன்று ஓரளவு கைகொடுக்க இந்த வளையம் உதவுகிறது. அதன் பெயர் இன்றும் 'வில்லிஸ் வளையம்'தான்.

தமனிகளில் ரத்தம் அதிக அழுத்தத்தோடு பாய்கிறது. அவை கிளைகிளையாகப் பிரிந்து, தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகளாகின்றன. அங்கே அழுத்தம் தணிகிறது. ஆக்சிஜன் மூளைத் திசுவுக்குப் போகிறது. பிறகு ரத்தம் மெல்லிய சுவர் கொண்ட சிரைகள் வழியே இதயத்துக்குத் திரும்புகிறது. தமனி, தந்துகி, சிரை என்ற இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறுகளைப் புரிந்துகொள்ள அதுவே அடிப்படை.

முதல் கோளாறு, தமனிச் சுவர் ஓரிடத்தில் மெலிந்து பலூன்போல் புடைப்பது. இதை 'அனியூரிசம்' என்பார்கள். அது வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் பரவும்.

இரண்டாவது, தமனிகள் தந்துகிகளே இல்லாமல் நேரடியாகச் சிரைகளோடு பின்னிக்கொள்வது. இது 'தமனி-சிரைப் பின்னல்' எனப்படுகிறது. அதிக அழுத்தத்தைத் தாங்குவதற்காக உருவாகாத சிரைகளில் தமனி ரத்தம் பாய்வதால் அவை கிழியும் அபாயம் உண்டு.

மூன்றாவது, 'கேவர்னோமா'. மெல்லிய சுவர் கொண்ட சிறுசிறு ரத்தப் பைகள் மல்பெரி பழம்போல் ஒரு கொத்தாகச் சேர்ந்திருக்கும். அவற்றுக்குள் ரத்தம் மிக மெதுவாகவே நகரும். அவ்வப்போது துளித்துளியாகக் கசியவும் செய்யும்.

நான்காவது, பெரிய தமனிகள் சிறிதுசிறிதாகக் குறுகி, அதை ஈடுகட்ட நூலிழை போன்ற புதிய நாளங்கள் முளைப்பது. எக்ஸ்ரே படத்தில் இவை மெல்லிய புகைபோல் தெரிந்தன. அதனால் 1969இல் ஜப்பானிய மருத்துவர்கள் சுஸுகியும் டக்காக்குவும் இதற்கு 'மோயாமோயா' என்று பெயரிட்டனர். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல் புகைமூட்டம் போன்ற மங்கலைக் குறிக்கும். குழந்தைகளையும் தாக்கும் இந்நோய் கிழக்காசியாவில் அதிகம் காணப்படுகிறது.

பையனின் மூளையில் இருப்பது இவற்றுள் ஒன்றா?

1927: லிஸ்பன் நகரில் ஒரு துணிச்சல்

1895இல் வில்ஹெல்ம் ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது. ஆனால் ரத்த நாளம் தெரியவில்லை. ரத்தமும் மூளைத் திசுவும் எக்ஸ்ரேயை ஏறக்குறைய ஒரே அளவில் கடக்கவிடுவதே காரணம். ரத்தத்தை மட்டும் வேறுபடுத்திக் காட்ட வேண்டுமானால், எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஏதாவது ஒரு பொருளை அதில் கலக்க வேண்டும்.

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் அதைச் செய்ய முனைந்தார். கழுத்துத் தமனிக்குள் ஒரு கரைசலைச் செலுத்தி உடனே எக்ஸ்ரே எடுப்பது அவருடைய திட்டம். தொடக்க முயற்சிகளில் ஒரு நோயாளி உயிரிழந்தார். மோனிஸ் கரைசலை மாற்றினார். 1927இல், அயோடின் கலந்த கரைசலைக் கொண்டு, உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகளை முதன்முதலாகப் படத்தில் காட்டினார்.

1953இல் சுவீடனின் ஸ்வென் செல்டிங்கர் மேலும் பாதுகாப்பான வழியைக் கண்டார். ஊசியால் தமனியைத் துளைத்து, அதன் வழியே மெல்லிய கம்பியை நுழைத்து, அந்தக் கம்பியின்மேல் மெல்லிய குழாயைச் செலுத்துவது அவர் முறை. இன்றும் தொடையின் மேற்பகுதியிலோ மணிக்கட்டிலோ தொடங்கி, மூளைக்குச் செல்லும் தமனிவரை அவ்வாறு குழாயைக் கொண்டுசெல்கிறார்கள். மிக நுண்ணிய நாளங்களையும் துல்லியமாகக் காட்டுவது இந்தப் பரிசோதனைதான். சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் பெரும்பாலும் இதையே நாடுகிறார்கள்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தமனிக்குள் குழாய் நுழைவதால் சுவர் கிழியலாம். சிறு கட்டி பெயர்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். அத்தகைய விபத்து மிக அரிது. எனினும் அது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஒரு முறை செய்ய வேண்டிய பரிசோதனை என்றால் அந்த அபாயத்தை ஏற்கலாம். 15 வயதுப் பையனை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டியிருந்தால்? உடலைத் துளைக்காத வழி தேவைப்படுவது இதனால்தான்.

விரைவாகப் பார்க்க உதவும் சி.டி.

1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேனால் படம்பிடிக்கப்பட்டது. கருவியை உருவாக்கியவர் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். தலையைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து, கணினியால் அவற்றை ஒன்றுசேர்த்து, குறுக்குவெட்டுத் தோற்றத்தை உருவாக்குவதே சி.டி. இதற்காக 1979இல் அலன் கார்மக்குடன் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்றைய சி.டி. ஸ்கேன் சில விநாடிகளில் முடிந்துவிடும். கைச் சிரையில் அயோடின் மருந்தைச் செலுத்தி எடுத்தால் தமனிகளும் தெரியும். புதிய ரத்தக்கசிவைக் கண்டறிய அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் சி.டி. எடுப்பது அந்த வேகத்துக்காகவே. குறை என்னவென்றால், கதிர்வீச்சு உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு அதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. கைச் சிரையில் ஊசியும் போட வேண்டும்.

பையனின் சி.டி. படம் 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று மட்டும் சொன்னது. அது என்ன என்று சொல்லவில்லை. அடுத்ததாக அவன் எம்ஆர்ஐ அறைக்கு அழைத்துச் செல்லப்படுகிறான்.

வானொலியைப்போல் பேசும் நீர்

எம்ஆர்ஐ கருவியில் எக்ஸ்ரே கிடையாது. அதில் இருப்பது மிக வலிமையான காந்தம். மருத்துவமனைகளில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமை கொண்ட காந்தங்களைப் பயன்படுத்துகிறார்கள். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப் புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு அதிகம்.

நம் உடலில் பெரும்பகுதி நீர். ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டான் ஒரு குட்டிக் காந்தத்தைப்போல் நடந்துகொள்கிறது. வலிமையான காந்தப் புலத்தில் அது தலையாட்டும் பம்பரம்போல் சுழல்கிறது. ஒரு டெஸ்லா புலத்தில் விநாடிக்குச் சுமார் 42.58 மில்லியன் சுற்றுகள், அதாவது 42.58 மெகாஹெர்ட்ஸ். 1.5 டெஸ்லாவில் ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் ஏறக்குறைய 128 மெகாஹெர்ட்ஸ்.

இந்த எண்கள் எங்கேயோ கேட்டவைபோல் இருக்கின்றனவா? பண்பலை வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் ஒலிபரப்பாகிறது. நாம் கேட்கும் ஒலி 96.8 அந்த வரிசையில்தான் இருக்கிறது. எம்ஆர்ஐயும் அதே வகையான வானொலி அலைகளையே பயன்படுத்துகிறது. கருவி சரியான அலைவரிசையில் ஒரு துடிப்பை அனுப்பும். புரோட்டான்கள் அந்த ஆற்றலை ஏற்று, பிறகு தங்கள் பங்குக்கு மெல்லிய வானொலி அலையை வெளியிடும். கருவி அதைக் கேட்டுப் பதிவுசெய்யும். எந்த அலை எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை அறிய, இடத்துக்கு இடம் காந்தப் புலத்தைச் சற்றே மாற்றுகிறார்கள். 1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்ட இந்த யோசனையும், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் வளர்த்தெடுத்த முறைகளும் 2003இல் நோபெல் பரிசைப் பெற்றன.

சரி, நீர் எல்லா இடத்திலும் இருக்கிறதே. ரத்த நாளத்தை மட்டும் பிரித்துக் காண்பது எப்படி? இங்கேதான் ரத்தத்தின் ஓட்டமே நமக்கு உதவிக்கு வருகிறது.

புதிதாக வந்தவர் உரக்கப் பேசுவார்

எம்ஆர்டி நிலையத்தின் நடைமேடையில் ஒருவர் கருத்துக்கணிப்பு நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயே அமர்ந்திருப்பவர்களிடம் ஒவ்வொரு நிமிடமும் அதே கேள்வியைக் கேட்கிறார். முதல் தடவை உற்சாகமாகப் பதில் சொன்னவர்கள், பத்தாவது தடவை முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்போது ஒரு ரயில் வருகிறது. புதிதாக இறங்கியவர்களுக்கு இன்னும் சலிப்பு ஏற்படவில்லை. அவர்கள் உரக்கப் பதில் சொல்கிறார்கள்.

எம்ஆர்ஐயிலும் இதுவே நடக்கிறது. மூளையின் ஒரு பகுதியை நோக்கி வானொலித் துடிப்புகளை மிக விரைவாக, திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். அங்கேயே அசையாமல் இருக்கும் திசுவின் புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்ப நேரமில்லாமல் களைத்துப்போகின்றன. அவற்றின் அலை மங்குகிறது. கழுத்திலிருந்து பாய்ந்து வரும் ரத்தம் அந்தத் துடிப்புகளை இதுவரை சந்திக்காதது. அதன் புரோட்டான்கள் பலமான அலையைத் தருகின்றன. விளைவாக, இருண்ட பின்னணியில் தமனிகள் மட்டும் வெண்மையாக ஒளிர்கின்றன.

மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்தால் வில்லிஸ் வளையம் முப்பரிமாணத்தில் திரையில் தோன்றும். அனியூரிசத்தையும் மோயாமோயாவையும் தேட இது மிகவும் ஏற்றது. 

ஆனால் எடுத்துக்காட்டின் குறையையும் கவனியுங்கள். ரயில் மிக மெதுவாக ஊர்ந்து வந்தால், இறங்குவதற்குள் பயணிகளும் அதே கேள்வியைப் பல தடவை கேட்டுச் சலித்திருப்பார்கள். அதுபோல், ஓட்டம் மெதுவாக உள்ள நாளம் இந்தப் படத்தில் மங்கிவிடும் அல்லது மறைந்தேவிடும். சுமார் 3 மில்லிமீட்டருக்கும் சிறிய புடைப்புகளும் தப்பிவிடக்கூடும்.

பையனின் படத்தில் தமனிகள் அனைத்தும் சீராக இருக்கின்றன. புடைப்பு இல்லை. குறுகலும் இல்லை. வெளுத்துத் தெரிந்த அந்த இடத்தில் ஒரு நாளமும் ஒளிரவில்லை.

காதருகே கேட்கும் வேகம்

ரத்தத்தின் வேகத்தை அளக்க ஒலியும் உதவும். நெருங்கி வரும் ஆம்புலன்ஸின் ஒலி கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது தணிந்தும் கேட்பதற்கு டாப்ளர் விளைவு காரணம். 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் இதை விளக்கினார். நகரும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் மீயொலியிலும் அதே மாற்றம் ஏற்படும்.

மண்டையோடு மீயொலியைப் பெருமளவு தடுத்துவிடும். எனினும் காதுக்கு முன்புறம், பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அந்தச் சாளரம் வழியே குறைந்த அதிர்வெண் கொண்ட மீயொலியை அனுப்பி மூளைத் தமனிகளின் வேகத்தை அளக்கலாம் என்று 1982இல் நார்வேயைச் சேர்ந்த ரூனே ஆஸ்லிட்டும் அவருடைய குழுவினரும் காட்டினர்.

குறுகிய குழாயில் நீர் வேகமாகப் பாயும். தோட்டக் குழாயின் முனையை விரலால் அழுத்தினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். தமனியும் அப்படித்தான். அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு மூளைத் தமனிகள் குறுகிப் பக்கவாதம் வரலாம். அத்தகைய குழந்தைகளில், டாப்ளர் அளவு விநாடிக்கு 200 சென்டிமீட்டரை எட்டியவர்களுக்கு முறையாக ரத்தம் ஏற்றியபோது, பக்கவாத அபாயம் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. கையடக்கக் கருவியால் அளந்த ஒரே ஓர் எண், நோய் வருமுன் காக்க உதவியது.

நீருக்கு முத்திரை குத்துவது

பையனிடம் திரும்புவோம். அந்தப் புள்ளி ஒரு தமனி-சிரைப் பின்னலாக இருக்குமா? அதை அறிய எம்ஆர்ஐ கருவியிலேயே இன்னொரு வழி உண்டு.

கழுத்துப் பகுதியில் தமனி ரத்தத்திலுள்ள நீரின் குட்டிக் காந்தங்களை, வானொலித் துடிப்பால் தலைகீழாகத் திருப்பிவிடுகிறார்கள். இதுதான் முத்திரை. ஏறத்தாழ இரண்டு விநாடிகள் காத்திருந்து, அந்த ரத்தம் மூளைக்குள் பரவிய பிறகு ஒரு படம் எடுக்கிறார்கள். முத்திரை குத்தாமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிஞ்சுவது, புதிதாக வந்து சேர்ந்த ரத்தம் மட்டுமே. வேறுபாடு 1 விழுக்காடு அளவுக்கு மிகச் சிறியது என்பதால், பல தடவை எடுத்துச் சராசரி காண்கிறார்கள். 1992இல் எலிகளின் மூளையில் இந்த முறையை முதலில் காட்டியவர்கள் ஜான் டெட்ரேயும் அவருடைய சக ஆய்வாளர்களும்.

வழக்கமான மூளையில், முத்திரையிட்ட நீர் தந்துகிகளில் திசுவுக்குள் சென்றுவிடும். முத்திரையும் சில விநாடிகளில் அழிந்துவிடும். சிரைகளை அது எட்டுவதில்லை. தமனி-சிரைப் பின்னலிலோ தந்துகிகளே இல்லை. முத்திரை அழிவதற்குள் ரத்தம் நேரே சிரைக்குள் பாய்ந்துவிடும். ஆகவே, படத்தில் ஒரு சிரை பளிச்சென்று ஒளிர்ந்தால் குறுக்குவழி இருக்கிறது என்று பொருள்.

பையனின் படத்தில் எந்தச் சிரையும் ஒளிரவில்லை.

இரும்பு சொன்ன சாட்சி

அப்படியானால் மிஞ்சுவது, ரத்தம் மிக மெதுவாக நகரும் கேவர்னோமாவா? ஓட்டத்தை நம்பும் எந்த முறையும் அதைக் காட்டாது. தமனிக்குள் குழாய் விட்டு எடுக்கும் படத்தில்கூட அது பெரும்பாலும் தெரியாது. நெடுங்காலம் மருத்துவர்களுக்கு அது மறைந்திருக்கும் நாளமாகவே இருந்தது. எம்ஆர்ஐ வந்த பிறகுதான், எவ்வளவு பேருக்கு அது இருக்கிறது என்பதே தெரியவந்தது. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு அது உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொல்லையும் வருவதில்லை.

அதைக் காட்டிக்கொடுப்பது இரும்பு. ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் வியப்பான ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினைக் காந்தம் மிக மெல்ல விலக்குகிறது. ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபினை ஈர்க்கிறது. கசிந்த ரத்தம் சிதைந்த பிறகு திசுவில் எஞ்சும் இரும்புச் சேர்மமும் காந்தத்தால் ஈர்க்கப்படும்.

தேசிய தின அணிவகுப்பை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் ஒரே முரசொலிக்குக் கால் வைத்தால், காலடி ஓசை ஒன்றாகச் சேர்ந்து பலமாகக் கேட்கும். ஒரு மூலையில் நிற்பவர்களுக்கு மட்டும் முரசொலி சற்று முன்பின்னாகக் கேட்டால், அங்கே காலடிகள் கலைந்து ஓசை குழம்பிவிடும். எம்ஆர்ஐயில் இரும்புத் துகள்கள் தங்களைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைச் சற்றே திரிக்கின்றன. அருகிலுள்ள புரோட்டான்கள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, அவற்றின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அந்த இடம் படத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். காந்தப் புலத்தின் இந்தத் திரிபை நுணுக்கமாகப் பதிவுசெய்யும் எம்ஆர்ஐ முறை 1990களின் இறுதியில் உருவானது.

பையனின் படத்தில் இப்போது விடை தெரிகிறது. சந்தேகத்துக்குரிய இடத்தில் அடர்ந்த கருவளையம். மற்றொரு வகை எம்ஆர்ஐ படத்தில் அதன் நடுவே சோளப்பொரி போன்ற உருவம். அது கேவர்னோமா. சிறிதளவு கசிந்த ரத்தத்தின் இரும்பு, பக்கத்து நரம்புச் செல்களை உறுத்தி வலிப்பைத் தூண்டியிருக்க வேண்டும். திடலில் கையில் திணிக்கப் பார்த்த இரும்பால் பயனில்லை. மூளைக்குள் தங்கியிருந்த இரும்புதான் காரணத்தைச் சொன்னது.

பார்த்தாயிற்று, இனி என்ன?

மறைந்திருப்பதைக் கண்டுபிடித்தால் உடனே அறுத்து அகற்ற வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். மருத்துவர்கள் அவ்வளவு அவசரப்படுவதில்லை.

வெடிக்காத அனியூரிசம் பெரியவர்களில் 100 பேரில் ஏறத்தாழ மூவருக்கு இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிப்பதே இல்லை. ஜப்பானில் நலமாக இருப்பவர்களும் தாமாகவே சென்று மூளையைப் படம்பிடித்துப் பார்க்கும் வழக்கம் 1980களின் பிற்பகுதியிலிருந்து இருக்கிறது. அப்படிப் பார்ப்பதால் சிலர் காப்பாற்றப்படுகிறார்கள். வேறு சிலரோ, ஒருபோதும் துன்பம் தராத ஒரு புடைப்பை எண்ணி ஆண்டுக்கணக்கில் கவலைப்படுகிறார்கள்.

2014இல் வெளியான ஓர் ஆய்வு, இன்னும் வெடிக்காத தமனி-சிரைப் பின்னல் உள்ள பெரியவர்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. ஒரு பிரிவினருக்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு போன்றவற்றால் பின்னலை அகற்ற முயன்றனர். மற்றவர்களுக்கு மருந்து மட்டுமே. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், பின்னலைத் தொடாமல் விட்டவர்களுக்கே பக்கவாதமும் மரணமும் குறைவாக இருந்தன. அபாயம் வாழ்நாள் முழுவதும் நீடிப்பது என்பதால் மூன்று ஆண்டுகள் போதுமா என்று மருத்துவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இளையருக்கு முடிவெடுப்பது இன்னும் கடினம். அவர்களுக்கு முன்னால் நெடிய வாழ்க்கை இருக்கிறதே.

நம் மாணவன் நிலை என்ன? கேவர்னோமா கையை இயக்கும் பகுதிக்கு அருகில் இருக்கிறது. அதை அகற்றப் போனால் கை பலவீனமாகலாம். விட்டுவைத்தால் மீண்டும் கசியலாம். முதலில் வலிப்பைத் தடுக்கும் மாத்திரைகளைத் தொடங்குகிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மறுபடியும் எம்ஆர்ஐ எடுத்து ஒப்பிடுவார்கள். மாத்திரைக்கு வலிப்பு அடங்காவிட்டாலோ, மீண்டும் மீண்டும் ரத்தம் கசிந்தாலோ அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள்.

'பொறுத்திருந்து பார்ப்போம்' என்று சொல்ல முடிவதே ஊசியில்லாத படத்தின் பெரும் பயன். கதிர்வீச்சும் குழாயும் இல்லாததால் அதே பையனை ஐந்து முறை, பத்து முறை பரிசோதிக்கலாம். மாற்றம் இருக்கிறதா, இல்லையா என்று அறிந்த பிறகு முடிவெடுக்கலாம்.

அதற்காக எம்ஆர்ஐயில் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். 2001இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அறைக்குள் தவறுதலாகக் கொண்டுவரப்பட்ட எஃகு ஆக்சிஜன் கொள்கலனைக் காந்தம் இழுத்ததில், பரிசோதனைக்காகப் படுத்திருந்த 6 வயதுச் சிறுவன் தலையில் அடிபட்டு உயிரிழந்தான். உள்ளே செல்லுமுன் நகை, கைக்கடிகாரம், கைத்தொலைபேசி, உடலுக்குள் பொருத்திய உலோகம் என ஊழியர்கள் ஒவ்வொன்றாக விசாரிப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

இதுவரை அனுபவித்திராத கடுமையான தலைவலி நொடியில் தாக்கினாலோ, முகம் ஒருபக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 995ஐ அழையுங்கள். வலிப்பு வந்தவரின் வாயில் எதையும் வைக்காதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் இழுத்தது, எந்தக் கை முதலில் துடித்தது என்று நீங்கள் சொல்லும் இரண்டு தகவல்கள், மருத்துவர் மூளையின் எந்தப் பக்கத்தைத் தேட வேண்டும் என்பதற்கு முதல் துப்பாக அமையும்.

கணக்கிட்டுப் பாருங்கள்

ஒரு டெஸ்லாவில் புரோட்டானின் அலைவரிசை 42.58 மெகாஹெர்ட்ஸ். எத்தனை டெஸ்லா காந்தத்துக்குள் வைத்தால், உங்கள் மூளையிலுள்ள நீர் சரியாக ஒலி 96.8இன் அலைவரிசையில் 'ஒலிபரப்பும்'? (விடை: 96.8 ÷ 42.58 = ஏறத்தாழ 2.27 டெஸ்லா.)